இல்லத்தில் போர் போட்ட வருஷம்

சேலத்தில் மூன்று வருஷம் நான் தெருவில் கிடந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு செருப்புக் கடையின் வாசல்தான் என் இடம். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் போர் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டராக இருந்தவன் நான். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் ஆந்திரா, ஒரிசா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும். பாறையைத் துளைத்து அடுத்தவர் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது தொழில். பைப் இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே என்ன கல் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குத் தனி மரியாதை இருந்தது. நான் குடிப்பதும் எல்லோருக்கும் தெரியும். வேலை தெரிந்த ஆள் என்பதால் யாரும் கேட்கவில்லை.

ஒரிசாவில் ஒரு மத்தியானம் குடித்துவிட்டு லீவரில் நின்றேன். போர் போடும்போது ஒரு பைப் முழுக்க இறங்கிய பிறகு அதன் தலையில் அடுத்த பைப்பை மாட்ட வேண்டும். கீழே நிற்கிற ஆள் பைப்பைப் பொருத்தி, பெரிய ஸ்பேனரைப் போட்டுவிட்டு, கையை மேலே தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் ஆபரேட்டர் லீவரைத் தள்ள வேண்டும். நான் பார்க்காமலே தள்ளிவிட்டேன். கீழே நின்றவன் என் கூட்டாளி. ஒன்பது வருஷமாக என்னோடு ஒரே வண்டியில் இருந்தவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அண்ணா என்று கூப்பிடுவான். அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மெஷின் கோளாறு என்று முதலாளியிடம் சொன்னேன். ஊரில் என் சம்சாரத்திடமும் அதையே சொன்னேன். கூட்டாளி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கட்டோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பேசாமையைத் தாங்க முடியவில்லை. வேலையை விட்டு வண்டியிலிருந்து இறங்கினேன். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவில் எங்கள் ஊர். அங்கே நாலு மாதம் வீட்டில் இருந்து குடித்தேன். சம்சாரம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போய் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை தேடிப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். திரும்பிப் போகவில்லை.

தெருவில் கிடந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு நாளைப் போலத்தான் அடுத்த நாளும். வலது காலில் கம்பி கிழித்த ஒரு காயம் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே பரவியது. மத்தியான நேரத்தில் சிலுவை வரைந்த ஒரு வெள்ளை ஆம்னி வேன் வரும். இரண்டு பேர் இறங்கி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். அதில் ஒருவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், முன்பு கொத்தனார் வேலை பார்த்தவர். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். எனக்கு எதிரில் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து காலைப் பார்ப்பார்.

"எங்க இல்லத்துக்கு வந்துடேன். கால மட்டும் சரி பண்ணிக்கலாம். புடிக்கலன்னா நானே கொண்டாந்து இங்கயே விட்டுடறேன்" என்பார்.

மதம் மாற்ற ஆள் பிடிக்க வந்தவன் என்று அவரைத் திட்டுவேன். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் மறுநாள் வந்து அதே இடத்தில் உட்காருவார். ஆவணி மாதம் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. புண்ணுக்குள் புழு நெளிவதை நானே பார்த்தேன். அன்றைக்கு வேன் வந்தபோது நான் பொட்டலத்தை வாங்கவில்லை. தூக்கிவிடச் சொல்லி அவரிடம் கையை நீட்டினேன்.

முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குடி இல்லாமல் உடம்பு நடுங்கியதும், சுவரில் பூரான் ஓடுகிறது என்று நான் கத்தியதும் அங்கேதான் நடந்தது. கொத்தனார் அண்ணன் பன்னிரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்தார். பிறகு இல்லத்துக்குக் கூட்டிப் போனார்.

இல்லம் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் ஜவ்வரிசி செய்த சேகோ மில். மில் மூடிய பிறகு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாவு காயப்போட்ட பெரிய சிமென்ட் களம் அப்படியே இருந்தது. மூட்டை அடுக்கிய குடோன் ஜெபக்கூடமாகியிருந்தது. நான் போனபோது நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தோம். எல்லோரும் வீடில்லாத ஆம்பிளைகள், பெரும்பாலும் குடியால் வந்தவர்கள்.

போன அன்றைக்குக் கொத்தனார் அண்ணன் எனக்கு முடி வெட்டினார். தாடியை மழித்தார். சுடுதண்ணீர் வைத்து, தலைக்குச் சீயக்காய் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துவிட்டார். தெருவில் கிடந்த மூன்று வருஷத்தில் என்னை அடித்தவர்கள் உண்டு, எட்டி உதைத்தவர்கள் உண்டு. தொட்டவர்கள் யாரும் இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததால் நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தெரிந்துதான் இன்னும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினார் என்று பின்னால் சொன்னார். அவரும் ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே வேனில் வந்து இறங்கியவர்தான்.

இல்லத்தை நடத்தியவர் ஒரு பாஸ்டர். நாமக்கல் பக்கத்துக்காரர், நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து அதை விட்டுவிட்டு வந்தவர். அவர் மனைவி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் காலுக்குத் தினமும் அந்த அம்மாதான் கட்டுப் போட்டார்கள். நான் போன மறுநாளே பாஸ்டரிடம், என்னைக் கிறிஸ்தவனாக்கப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அது என் கையில இல்லீங்க. இப்போதைக்கு உங்க காலை ஆத்தறதுதான் நம்ம ரெண்டு பேரு வேலை. காலையில ஜெபத்துக்கு வந்து உக்காருங்க. புடிக்கலீன்னா உக்காந்துட்டே தூங்குங்க. ஆனா வந்து உக்காரோணும்" என்றார்.

அப்படியே செய்தேன். இரண்டு மாதம் ஜெபக்கூடத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்து தூங்கினேன். காலையில் ஜெபம், பிறகு கஞ்சி, பிறகு ஆளுக்கொரு வேலை. எனக்குச் சமையலில் காய் நறுக்கும் வேலை. மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். அதில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஒரே கட்டளை. என் முறை வரும்போது ரிக் வண்டி, ஒரிசா, பாறை எல்லாம் சொல்வேன். விரல் போன இடம் வந்ததும் மெஷின் கோளாறு என்றுதான் சொன்னேன். வாய்க்கு அது பழகிப் போயிருந்தது.

திட்டம் ஒரு வருஷம். குடிக்காத நாளை எண்ணி ஒரு வருஷம். நான் நாலாவது மாதத்திலேயே விழுந்தேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. விருந்துக்குத் தக்காளி வாங்க வேனில் வாழப்பாடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். கூட வந்தவர் கூடை தூக்கிக்கொண்டிருந்தபோது நான் நழுவிவிட்டேன். மறுநாள் மத்தியானம் பஸ் பிடித்து வந்து, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. வேறு போக்கிடமும் இல்லை. பாஸ்டர் வந்து கேட்டைத் திறந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்திரிச்சு உள்ள வாங்க. இன்னிக்கு உங்களுக்கு முதல் நாளுங்க" என்றார்.

நான் எண்ணி வைத்திருந்த நாளெல்லாம் போயிற்று. ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஜெபக்கூடத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். பின்னால் உட்கார்ந்தால் என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் இல்லத்தின் போர் வற்றிவிட்டது. நானூற்றைம்பது அடிப் போர். மோட்டார் போட்டால் காற்றும் சேறும் வந்தது. டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் வாங்கி, ஆளுக்கு ஒரு வாளி என்று கொடுத்தார்கள். புண்ணோடு வந்து சேருகிறவர்களைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. வைகாசியில் டிராக்டரும் ஒரு நாள் வந்தது, இரண்டு நாள் வரவில்லை. ஒரு காலை ஜெபம் முடிந்ததும் பாஸ்டர், புதிதாக வந்த பதினைந்து பேரை வேறு இல்லங்களில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்றார். வேறு இல்லம் எங்கேயும் காலியாக இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தப் பதினைந்து பேரின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் திரும்பிப் போகப்போவது அதே பஸ் ஸ்டாண்டுக்குத்தான்.

கொத்தனார் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். நீ ரிக் வண்டியில் இருந்தவன்தானே, தெரிந்த வண்டி ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார். இருந்தது. எங்கள் வண்டியின் கதவில் எழுதியிருந்த ஆபீஸ் நம்பரைப் பதினெட்டு வருஷம் பார்த்தவன் நான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த நம்பரைக் கூப்பிட்டால் நான் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். கூட்டாளி முகத்தில் முழிக்க வேண்டும். ஊருக்குச் சேதி போகும். அன்று முழுக்கக் களத்தில் அங்கும் இங்கும் நடந்தேன். சாயங்காலம் பாஸ்டரிடம் போய் அவருடைய போனைக் கேட்டேன்.

முதலாளியேதான் எடுத்தார். யாரென்று சொன்னதும் பேரை இன்னொரு தடவை கேட்டார். நான் செத்துப் போய்விட்டதாகத்தான் ஊரில் பேச்சு என்றார். எங்கே இருக்கிறேன், என்ன ஆனேன், இப்போது எதற்குக் கூப்பிடுகிறேன், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். எங்களால் டீசலுக்குத்தான் கொடுக்க முடியும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, வண்டி செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறது, புதன்கிழமை காலையில் அங்கே நிற்கும் என்றார். இப்போது ஆபரேட்டர் யார் என்று கேட்டேன். என் கூட்டாளியின் பெயரைச் சொன்னார்.

புதன்கிழமை ஏழு மணிக்கு ரிக் வண்டியும் பைப் லாரியும் வந்து நின்றன. கூட்டாளி இறங்கினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், காதோரம் நரைத்திருந்தது. இடது கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டீங்கண்ணா" என்றான். பிறகு இடம் எது என்று மட்டும் கேட்டான். நான் இரண்டு நாளாகக் கல்லையும் மண்ணையும் பார்த்து, களத்துக்கு வடக்கே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் குறித்து வைத்திருந்தேன்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் வண்டிக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்குவது ரிக்காரர்கள் வழக்கம். இது கிறிஸ்தவ இல்லம் ஆயிற்றே என்று வண்டி ஆட்கள் தயங்கினார்கள். பாஸ்டர் நீங்கள் செய்வதைச் செய்யுங்கள் என்று ஒதுங்கி நின்றார். அவர்கள் கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் முன்னால் வந்து, தலை குனிந்து ஜெபம் செய்தார். வண்டி ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிறகு கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

நாற்பது அடியிலேயே பாறை தட்டியது. அதற்குப் பிறகு கருங்கல், வெறும் கருங்கல். சாம்பல் நிறத்தில் புழுதி எழும்பி வேப்பமரமே வெளுத்துப்போனது. எங்கள் ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முன்னூறு அடி, ஐந்நூறு அடி, ஈரமே இல்லை. எழுநூறு அடி வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. கூட்டாளி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். பாஸ்டரைப் பார்த்தபடி என்னிடம், இதற்கு மேல் போனால் டீசல்தான் எரியும் என்றான். பாஸ்டரின் மனைவி ஜெபக்கூடத்துக்குள் போய்விட்டார்கள். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து நின்றார்கள்.

நான் குழியைச் சுற்றிக் குவிந்திருந்த கல் தூளில் ஒரு பிடி அள்ளினேன். ஒரு மக்கில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினேன். கடைசியாக வந்த தூளில் இரண்டு மூன்று சில்லு மட்டும் ஒரு பக்கம் பழுப்பாக இருந்தது. இரும்பில் துரு ஏறினது போல. கல்லுக்கு அந்த நிறம் சும்மா வராது. எப்போதோ தண்ணீர் ஓடிய வெடிப்பு பக்கத்தில் இருந்தால்தான் வரும். அந்தச் சில்லைக் கூட்டாளியின் உள்ளங்கையில் வைத்தேன். இன்னும் ஏழெட்டு பைப் இறக்கிப் பார்க்கலாம் என்றேன்.

அவன் சில்லைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கீழே ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த ஆளைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"லீவரை நீங்க புடிங்கண்ணா. கீழ நான் நிக்கறேன்" என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் அதைக் காதில் வாங்காமல் போய், அந்த இடத்தில் நின்றான். ஒரிசாவில் நின்றது போலவே நின்றான்.

வண்டியில் ஏறினேன். லீவரில் கையை வைத்தபோது நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஐந்து மாதமாகக் குடிக்காமல் காய் நறுக்கிய கை, நின்ற இடத்தில் நின்றது. பைப் இறங்கியது. இருபது அடி இறங்கியதும் நிறுத்தினேன். அவன் அடுத்த பைப்பைப் பொருத்தினான், ஸ்பேனரைப் போட்டான், இரண்டு கையையும் மேலே தூக்கினான். எண்ணினேன். எட்டு விரல். எட்டும் கண்ணில் பட்ட பிறகுதான் லீவரைத் தள்ளினேன். ஒவ்வொரு பைப்புக்கும் அப்படியே எண்ணினேன். எழுநூற்று அறுபது, எழுநூற்று எண்பது, எண்ணூறு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

ஏழாவது பைப் பாதி இறங்கியபோது சத்தம் மாறியது. கல்லில் அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தது போல ஒரு இறக்கம். புழுதி நின்றது. குழியிலிருந்து ஈரமான கட்டி கட்டியாகச் சேறு தெறித்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கூட்டாளி பின்னால் நகர்ந்தான். அடுத்து வந்தது தண்ணீர். முதலில் சாம்பலாக, பிறகு பாலைப் போல, பிறகு தெளிவாக, வேப்பமரத்தின் உச்சிக்கு மேலே எழும்பி எங்கள் எல்லோர் மேலேயும் கொட்டியது. எண்ணூற்று முப்பது அடி.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. அரைப் பைத்தியமாகக் கொண்டுவரப்பட்டு ஒரு வருஷமாக வாயே திறக்காத ஒருவர் தண்ணீருக்குக் கீழே நின்று பாட்டுப் பாடினார். ஒரு கால் இல்லாதவர் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். கொத்தனார் அண்ணன் புதிதாக வந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து நனைத்தார். பாஸ்டர் வெள்ளை வேட்டியோடு சேற்றில் முழங்கால் போட்டிருந்தார். அவர் மனைவி ஓடி வந்து, சேற்றில் ஆடினால் புண் சீழ் வைக்கும் என்று சத்தம் போட்டுக்கொண்டே தானும் நனைந்தார்கள். சிமென்ட் களம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மூணு இஞ்சுத் தண்ணீர், நல்ல ஊற்று, கோடையிலும் வற்றாது என்று வண்டி ஆட்கள் சொன்னார்கள். அந்தப் பதினைந்து பேரில் ஒருவரும் வெளியே போகவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் நான் கூட்டாளியைத் தனியாகக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றோம்.

"அந்த விரலு என்னாலதான் போச்சு சாமி. மெசினுக்கு ஒண்ணுமில்ல. நான் குடிச்சிருந்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களாண்ணா. உங்க வாயில இருந்து வரோணும்னுதான் இத்தனை வருசம் இருந்தேன்" என்றான். அந்தக் கையாலேயே என் தோளைப் பிடித்தான்.

மறுநாள் மத்தியான வட்டத்தில் உட்கார்ந்தபோது, முன்பு சொன்ன கதை பொய் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

கூட்டாளி கிளம்பும்போது, திரும்ப வண்டிக்கு வந்துவிடும்படி கேட்டான். முதலாளியும் சேர்த்துக்கொள்வார் என்றான். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எட்டு மாதம் வெளியூரில், பக்கத்தில் யாரும் இல்லாமல் என்னால் நிற்க முடியும் என்று அப்போது நம்பிக்கை இல்லை. ஒரு வருஷத்தை முடித்துக்கொள்கிறேன் என்றேன். ஊட்டுல சொல்லட்டுமா என்று கேட்டான். நான் வண்டிக் கதவைச் சாத்திக் கிளம்பச் சொன்னேன். அவன் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சம்சாரம் வந்தாள். மகள் வரவில்லை. ஜெபக்கூட வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. நான் செத்துவிட்டதாக எல்லோரும் சொல்லியும், பிணத்தைக் காட்டாமல் கழற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

"கூப்புட்டுப் போக வரலீங்க. நெசந்தானான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்காராமல் கீழே படியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். விரல் விஷயத்தில் அவளிடம் சொன்னது பொய் என்பதையும், வேலை தேடிப் போகிறேன் என்று பஸ் ஏறியது பொய் என்பதையும், டிசம்பரில் மறுபடி குடித்ததையும் சொன்னேன். அவள் காலைக் காட்டச் சொன்னாள். தழும்பைக் குனிந்து பார்த்தாள். கொண்டுவந்திருந்த வாழைப்பழத் தாரை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கு அடுத்த மாதமும் வந்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது என் ஒரு வருஷம் முடிந்தது. ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு நன்றி ஆராதனை வைப்பார்கள். அன்றைக்கு முடித்தவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையில் நடந்ததைச் சபைக்கு முன்னால் சொல்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சாட்சி. சம்சாரம் வந்திருந்தாள். கூட மகளும் வந்து கதவோரம் நின்றாள். பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. பாஸ்டர் பரவாயில்லை உட்காருங்கள் என்று சைகை காட்டினார்.

அப்போது என் சம்சாரம் எழுந்தாள். நெற்றியில் மாரியம்மன் கோயில் குங்குமம். கூட்டத்தைத் தாண்டி நடந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவள் வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை.

"எனக்கு இங்க எப்படிப் பேசறதுன்னு தெரியாதுங்க. இவரு குடியை விட்டுட்டாருன்னு டாக்டரு சொல்லலாம், பாஸ்டரு சொல்லலாம். இவரு பொய்யை விட்டுட்டாருன்னு நான்தான் சொல்ல முடியும். கல்யாணமாகிப் பதினேழு வருசம் பொய்தான் கேட்டேன். ஆனி மாசம் அந்தப் படியில உக்காந்து பேசுனப்ப ஒரு பொய் சொல்லலீங்க. தனக்குக் கெட்ட பேரு வர்றதைக் கூட மறைக்கல. எந்தச் சாமி இதைப் பண்ணுச்சோ, அந்தச் சாமியை நான் கும்புட்டுக்கறேன். இவரைக் குளிப்பாட்டுனவங்களையும் கும்புட்டுக்கறேன்."

அவ்வளவுதான் பேசினாள். குடோன் முழுக்க ஸ்தோத்திரம் என்ற சத்தம் எழும்பியது. கொத்தனார் அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மூணு மணிக்கு பரமத்தி வேலூர் பஸ். துணியை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

துணி என்று என்னிடம் இரண்டு வேட்டியும் மூன்று சட்டையும்தான் இருந்தன. மஞ்சப்பையில் அடங்கிவிட்டது. பஸ்ஸில் மகள் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ராசிபுரம் தாண்டும்வரை திரும்பவில்லை. பிறகு திரும்பி, அந்தப் போரில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வந்தது என்று கேட்டாள். சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். நாமக்கல் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. நான் ரிக் வண்டிக்குத் திரும்பவில்லை. பரமத்தி வேலூரில் ஒரு சின்னக் கடை எடுத்து, போரிலிருந்து மோட்டாரை மேலே தூக்கி ரிப்பேர் பார்த்து இறக்கும் வேலை செய்கிறேன். இல்லத்தில் ஒரு வருஷம் முடித்த இரண்டு பேர் என்னோடு இருக்கிறார்கள். நீ கிறிஸ்தவன் ஆகிவிட்டாயா என்று ஊரில் கேட்கிறார்கள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் காலையில் முழங்கால் போட்டு ஜெபம் செய்யாமல் கடையைத் திறந்ததில்லை. சம்சாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். ஒரே வீட்டில் இரண்டும் நடக்கிறது.

போன மாதம் காவிரிக் கரையில் ஒரு வாழைத்தோப்பில் மோட்டார் தூக்கப் போயிருந்தோம். தோப்புக்காரர் ஊரில் பெரிய ஆள். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலத்துல குடிச்சுப்போட்டுத் தெருவுல கெடந்தது நீங்கதானுங்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். என்னோடு வந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆமாங்க, நான்தான். இவங்களும் அங்கிருந்து வந்தவங்கதான்" என்றேன்.

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மூணு பேருக்கும் சாப்பாடு போடும்படி சத்தம் கொடுத்தார். நாங்கள் பைப்பைத் தொடர்ந்து இழுத்தோம். மோட்டார் மேலே வர இன்னும் நூறு அடி இருந்தது.